தனோங்சக்கின் பன்னிரண்டாவது வேலை

ஐம்பத்தொன்பதாவது பிறந்தநாளன்று தனோங்சக் சொந்த ஊரான பேத்சபுரிக்கு வந்தபோது அம்மா சம்லிக்கு ஒரு சீப்பு வாழைப்பழம்கூட வாங்கி வரவில்லை. ஒரு பட்டியல் கொண்டுவந்தான். சும்மா தாளில் கிறுக்கியது இல்லை. அலுவலகத்தில் ஆளை வைத்து அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, மூலையில் வெள்ளைச் சட்டையோடு தன் படத்தையும் சேர்த்திருந்தான். ‘அறுபது ஆவதற்குள் நான் முடிக்கப் போகும் பன்னிரண்டு காரியங்கள்’ என்று தலைப்பு. அதை ஒட்ட இடம் தேடினான். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அம்மாவின் மருந்து அட்டவணை இருந்தது. அதைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, அந்த இடத்தில் தன் பட்டியலை ஒட்டினான்.

தங்கை ராம்பை இதை அடுப்படியில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஐம்பத்தாறு வயது. பனம்பழக் கூழை அரிசிமாவோடு பிசைந்து ஆவியில் வேகவைத்துக் காலைச் சந்தையில் விற்பாள். அதில் மீதியாகும் நேரமெல்லாம் அம்மாவுக்கு. காலையில் ஒரு மாத்திரை, மதியம் இரண்டு, சாயங்காலம் கால்வீக்கத்துக்கு ஒன்று என்று அந்த அட்டவணையை எழுதி ஒட்டியவள் அவள்தான். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பியதும் மருந்து அட்டவணையை எடுத்து அவனுடைய பட்டியலின் மேலேயே, அவன் முகத்தை மறைக்கிற மாதிரி, ஒட்டி வைத்தாள்.

இவனை ‘அவர்’ என்று சொல்லிப் பார்த்தால் நாக்குக்கு ஒப்பவில்லை. பாங்காக்கில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டி, ஒரு பிரிவின் துணைத் தலைவர் என்கிற இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தான். மேலே இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றதால் காலியான இடம் அது. அந்த முப்பத்தாறு வருஷத்தில் அவன் செய்த வேலை என்ன என்று கேட்டால் அவன் பக்கத்து மேசைக்காரனுக்கே சொல்லத் தெரியாது. ஆனால் படம் இல்லாத விழா கிடையாது. மரம் நட்டால் படம், மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் படம், அந்த மரம் பட்டுப்போன இடத்தில் புதிதாக ஒன்றை நட்டால் அதற்கும் ஒரு படம்.

படத்தில் நன்றாக விழுகிற முகம்தான், மறுப்பதற்கில்லை. அதற்குக் காரணம் புருவம். மூக்கு சப்பை, கன்னம் தொங்கிவிட்டது, முடி பின்வாங்கி நடுமண்டைக்குப் போய்விட்டது. புருவம் இரண்டும் மட்டும் அடர்த்தியாக, வில் மாதிரி வளைந்து நிற்கும். பத்து வருஷமாக அதற்கு மாதம் இரண்டு முறை சாயம் போடுகிறான். சின்ன வயதில் அம்மா அந்தப் புருவத்தைத் தடவித் தடவிக் கொஞ்சுவாள். அந்தக் கொஞ்சல்தான் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது என்பது ராம்பையின் எண்ணம்.

அறுபதுக்கு இந்த ஆர்ப்பாட்டம் ஏன் என்றால், அந்த ஊர்க் கணக்கில் பன்னிரண்டு வருஷம் ஒரு சுற்று, அறுபது ஆனால் ஐந்து சுற்று நிறைகிறது. அன்றைக்குப் பெரிய விருந்து வைத்து, தன் வாழ்க்கையைப் புத்தகமாகப் போட்டு வருகிறவர்கள் கையில் கொடுக்கப் போகிறானாம். ஊரில் மற்றவர்களுக்குச் செத்தபிறகுதான், சிதைக்குத் தீ வைக்கிற அன்று, அப்படிப் புத்தகம் கொடுப்பார்கள். இவனுக்கு அதுவரை பொறுமை இல்லை. தான் போனபிறகு யார் என்னத்தை எழுதிவைப்பார்களோ என்ற பயமும் இருந்திருக்கும். எழுத உட்கார்ந்தால் எண்பது பக்கத்துக்கு விஷயம் தேறவில்லை. அதனால்தான் இந்தப் பன்னிரண்டு.

பூகிரதுங் மலை ஏறுவது, பத்து கிலோமீட்டர் ஓடுவது, சாக்ஸபோனில் ஒரு பாட்டு முழுதாக வாசிப்பது, ஒரே நாளில் ஒன்பது கோயில் கும்பிடுவது, புத்த கயா போய்வருவது, பதக்கங்களோடு வெள்ளைச் சீருடையில் பெரிய ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொள்வது என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில், பன்னிரண்டாவதாக, ‘காவி கட்டுவது’ என்று இருந்தது.

ராம்பைதான் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். பதினொன்றையும் அம்மா “உம், உம்” என்று கேட்டுக்கொண்டாள். பன்னிரண்டாவதை வாசித்ததும் சம்லி அம்மா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“என்னடி சொன்ன? திரும்பச் சொல்லு.”

“காவி கட்டப் போறானாம்மா. எழுதியிருக்கான்.”

“அவனேவா எழுதினான்?”

“அவனேதான். படம் வேற போட்டிருக்கான்.”

அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. அவள் அழுதாள். பக்கத்து அறையில் சாக்ஸபோன் வாங்குவதைப் பற்றி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்த மகனுக்கு அது கேட்கவில்லை.

மகன் ஒருமுறையாவது காவி கட்டிச் சில நாள் பிக்குவாக இருந்தால், பெற்றவள் அந்தக் காவியின் முனையைப் பிடித்துக்கொண்டே சொர்க்கத்துக்குப் போய்விடலாம் என்று அந்த ஊரில் எல்லாத் தாய்மாரும் நம்புகிறார்கள். சம்லி அம்மாவின் தெருவில் அப்படிப் பிடிக்க முனை கிடைக்காத தாய் அவள் ஒருத்திதான். குடிகாரன் மகன்கூட ஒரு மழைக்காலம் கோயிலில் இருந்துவிட்டு வந்திருக்கிறான். தனோங்சக்குக்கு இருபது வயதானபோது கல்லூரிப் பரீட்சை என்றான். கல்யாணத்துக்கு முன்னால் கட்டிவிடு என்றபோது பெண்வீட்டார் அவசரப்படுகிறார்கள் என்றான். அரசாங்க வேலை கிடைத்ததும், காவி கட்டப் போகிறவனுக்கு அரசாங்கமே நூற்றிருபது நாள் சம்பளத்தோடு விடுப்பு கொடுக்கிறதே என்று அப்பா கேட்டார். பதவி உயர்வு வருகிற நேரம், இடத்தை விட்டு நகர்ந்தால் எவனாவது உட்கார்ந்துவிடுவான் என்றான். அப்பா கேட்டுக் கேட்டே செத்துப்போனார். அதற்கப்புறம் அம்மா தனியாகக் கேட்டாள். இப்படியே சாக்குப்போக்கில் நாற்பது வருஷம் ஓடிவிட்டது.

ராம்பை என்ன செய்ய முடியும்? அம்மாவைத் தூக்கி உட்காரவைக்கலாம், குளிப்பாட்டலாம், இடுப்புக்கு எண்ணெய் தேய்க்கலாம். காவி மட்டும் கட்ட முடியாது. மகள் செய்கிற எதற்கும் அந்த முனை கிடையாது. “எனக்கு மட்டும் மீசை முளைச்சிருந்தா இருபது வயசுலயே கட்டிட்டு வந்து உன்னை அனுப்பி வெச்சிருப்பேன்” என்று சொல்வாள். அம்மாவும் “முளைக்கலையே, என்ன பண்றது” என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு ராம்பைக்கு வலிக்கும்.

அன்று மதியம் சாப்பாட்டில் அம்மா நேரடியாகக் கேட்டாள்.

“எப்பப்பா கட்டற?”

“அறுபதுக்குள்ளம்மா. எழுதிட்டேன்ல? எழுதினா செஞ்சுடுவேன்.”

“அதான் எப்ப? என் கால் வீங்கிக்கிட்டே வருது.”

“வரிசையாப் பண்ணணும்மா. எல்லாத்துக்கும் ஒரு திட்டம் இருக்கு. மொதல்ல மலை.”

“மலை எங்கயும் போகாது அண்ணே. அம்மாவ மொதல்ல பாரேன்” என்றாள் ராம்பை.

“உனக்கு இதெல்லாம் புரியாது. காவி கட்டினா புருவத்த மழிச்சுடுவாங்க. திரும்ப ஒழுங்கா முளைக்க மூணு மாசமாவது ஆகும். அதுக்குள்ள எடுக்கிற படமெல்லாம் என்ன ஆகறது? மலை உச்சியில புருவமில்லாம நின்னா பார்க்கறவன் என்ன நினைப்பான்? ஏதோ வியாதின்னு நினைப்பான்.”

ராம்பை அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா ஏதோ நியாயமான காரணத்தைக் கேட்டதுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தாள். சொல்ல வாயில் வந்ததை ராம்பை சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டாள்.

அன்றிலிருந்து அம்மா ஆளே மாறிப்போனாள். காவி கட்டப் போகிறவனோடு கோயில் மண்டபத்தை மூன்று சுற்று சுற்றி வரவேண்டும். பெற்றவள் அந்த ஊர்வலத்தில் நடக்க வேண்டும். நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகலாம் என்று ராம்பை சொன்னதற்கு, “சொர்க்கத்துக்குத் தள்ளுவண்டியிலயா போறது?” என்று கேட்டுவிட்டாள். காலையில் கஞ்சி வேண்டாம் என்று தட்டிவிடுகிறவள் இப்போது முட்டையும் சேர்த்துக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து பழகினாள். முதல் மாதம் சமையலறை வரைக்கும்தான் முடிந்தது. இரண்டாவது மாதம் ஒரு முழுச் சுற்று. ராம்பை பின்னாலேயே ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போவாள், மூச்சு வாங்கினால் உட்காரவைக்க. அவளுக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அம்மா நடக்கிறாளே, அதைக் கெடுக்க மனசு வரவில்லை.

தனோங்சக் நவம்பரில் பூகிரதுங் மலை ஏறினான். அவன் மூட்டையைக் கூலியாள் தூக்கினான், அவன் தண்ணீர் பாட்டிலை மனைவி தூக்கினாள், அவன் தன் வயிற்றை மட்டும் தூக்கிக்கொண்டு போனான். உச்சியில் இருக்கும் பலகைக்கு முன்னால் நின்று நாற்பது படம். இறங்கும்போது முட்டி பிசகி இரண்டு பேர் தாங்கி வந்தார்கள், அந்தப் படம் மட்டும் எங்கேயும் இல்லை. டிசம்பரில் பத்து கிலோமீட்டர் ஓட்டம். தொடக்கக் கோட்டில் ஓடினான், முடிவுக் கோட்டில் ஓடினான். நடுவில் மோட்டார் சைக்கிளில் வந்தான் என்று அண்ணியே ராம்பையிடம் சொல்லிச் சிரித்தாள். சாக்ஸபோன் வாங்கி மூன்று மாதமாகியும் ஒரு பாட்டும் தேறவில்லை. வாயில் வைத்துக்கொண்டு படம் எடுத்ததும் அந்த வேலையும் முடிந்தது என்று கோடு போட்டுவிட்டான். ஒவ்வொன்று முடிந்ததும் அம்மாவின் போனுக்குப் படம் வரும். அம்மா கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, “இன்னும் எத்தனை இருக்கு?” என்று மட்டும் கேட்பாள்.

பிப்ரவரியில் புத்த கயா போய்விட்டு வந்தான். போதி மரத்தடியில் கண்மூடி உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு படம், இமைக்கடியிலிருந்து கேமராவைப் பார்ப்பது நன்றாகவே தெரிந்தது. இந்த முறை மட்டும் ஏதோ பெரிய புதையல் கண்டவன்போல் திரும்பியிருந்தான். என்ன என்று கேட்டதற்கு, “நேரம் வரும்போது சொல்றேன்” என்றான்.

ஏப்ரலில், சோங்கிரான் புத்தாண்டுக்கு, அம்மா கையில் வாசனைத் தண்ணீர் ஊற்ற வந்தபோது ராம்பை அவனை விடவில்லை. ஆற்றங்கரைக் கோயிலின் பெரிய சாமியையே வீட்டுக்கு அழைத்து வைத்திருந்தாள். பெரிய சாமி தனோங்சக்கோடு நாலாம் வகுப்பு படித்தவர், படகுக்காரர் மகன். இருபது வயதில் காவி கட்டியவர், பிறகு கழற்றவே இல்லை. அவர் மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார். பாலி மந்திரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, “இத மனப்பாடம் பண்ணிட்டு வந்துடு” என்றார். அம்மா அந்தத் தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மே மாதம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கு நான்கு நாள் முன்னால் போன் வந்தது.

“ஜூன்ல தள்ளி வெச்சுக்கலாம். ஸ்டுடியோக்காரன் சீருடைப் படத்துக்கு ஜூன் பத்துதான் தேதி குடுத்திருக்கான்.”

“அண்ணே, சந்தையில எல்லாருக்கும் சொல்லியாச்சு. அம்மா ரெண்டு சுத்து நடக்குது இப்ப. நேத்து ரெண்டு சுத்து. அடுத்த மாசம் நடக்குமோ நடக்காதோ யாருக்குத் தெரியும்?”

“வெள்ளைச் சீருடை, பதக்கம், மேல புருவமில்லாத மூஞ்சி. அட்டைப் படம் ராம்பை அது! யோசிச்சுப் பேசு.”

“புருவத்த மையில வரைஞ்சுக்கோயேன். பொம்பளைங்க எத்தனை பேரு வரைஞ்சுக்கறோம்.”

அவன் போனை வைத்துவிட்டான். அம்மாவிடம் ராம்பைதான் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா காலை நீட்டி வீக்கத்தை அழுத்திப் பார்த்தாள். அப்புறம், “சரி, மூணாவது சுத்தும் பழகிக்க நேரம் கிடைச்சுது” என்றாள். எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் போனாள். ராம்பைக்கு அன்றைக்கு வந்த கோபத்தில் ஒரு பானை பனம்பழக் கூழைப் பிசைந்து பிசைந்தே களியாக்கிவிட்டாள்.

சீருடைப் படம் முடிந்தது, ஜூனும் போயிற்று. மழைக்காலத் தவம் தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது. தவம் தொடங்கிவிட்டால் மூன்று மாதமும் கோயிலிலேயே கிடக்க வேண்டும், அது முடிவதற்குள் இவனுக்கு அறுபது வந்துவிடும். அச்சகத்துக்காரன் வேறு கடைசிப் பக்கப் படத்தைக் கேட்டு நச்சரித்தான். பதினொன்று முடிந்து பன்னிரண்டாவது மட்டும் காலியாகக் கிடந்தது. அதனால்தான் வந்தான், அம்மாவின் கால்வீக்கத்தைப் பார்த்து இல்லை. நூற்றிருபது நாள் விடுப்பு உரிமை இருக்கிறவன் மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். கூடவே ஒரு புகைப்படக்காரர்.

ராம்பை அன்று சந்தைக்குப் போகவில்லை. ஆனவன் ஆகாதவன் எல்லாருக்கும் சேர்த்துச் சமைத்தாள். அண்ணன் காவி கட்டியதும் அவன் முன்னால் மூன்று முறை விழுந்து கும்பிட வேண்டும் என்பதை நினைத்தபோது மட்டும் கரண்டியை ஓங்கிப் பாத்திரத்தில் தட்டினாள். பரவாயில்லை, அம்மாவுக்காக முப்பது முறைகூட விழலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அம்மா விடியுமுன்பே எழுந்து பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக இருந்தாள். மூன்று சுற்றும் நடந்துவிடுவேன் என்று அண்டைவீட்டுக்காரியிடம் பந்தயம் கட்டியிருந்தாள்.

கோயில் முற்றத்தில் மரத்தடியில் தனோங்சக்கை ஒரு முக்காலியில் உட்காரவைத்தார்கள். வெள்ளை வேட்டி, தோளில் வெள்ளைத் துண்டு. முதல் முடியைப் பெற்றவள்தான் வெட்ட வேண்டும். ராம்பை அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது வருஷம் காத்திருந்த கத்தரிக்கோல் மெதுவாக ஒரு கொத்தை வெட்டித் தாமரை இலையில் போட்டது. அம்மாவின் முகம் அப்போது எப்படி இருந்தது என்றால், ராம்பையால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டாள். அந்த ஒரு நொடி அவள் அண்ணனைக்கூட மன்னித்துவிட்டாள். புகைப்படக்காரர் இன்னொரு முறை வெட்டச் சொன்னார், வெளிச்சம் சரியில்லையாம். அம்மா இன்னொரு முறையும் வெட்டினாள்.

பெரிய சாமியே கத்தி எடுத்தார். தலை பத்து நிமிஷத்தில் மொட்டையாயிற்று, மழிக்க அதில் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. பிறகு சாமி அவன் நெற்றியில் கட்டைவிரலை வைத்து, “கண்ண மூடிக்கோ” என்றார்.

தனோங்சக் கையை உயர்த்தினான்.

“சாமி, ஒரு நிமிஷம்.”

“என்னப்பா?”

“புருவம் வேண்டாம் சாமி.” தொண்டையைச் செருமிக்கொண்டான். இந்தப் பேச்சை மாதக்கணக்கில் தயாரித்து வைத்திருந்தான் என்பது கேட்கும்போதே தெரிந்தது. “புத்த கயாவுல என் கண்ணாலயே பார்த்தேன். இலங்கைப் பிக்கு, பர்மாப் பிக்கு எல்லாரும் புருவத்தோடதான் இருக்காங்க. புத்தர் முடியையும் தாடியையும்தான் எடுக்கச் சொன்னாரு. புருவத்தப் பத்தி எங்கயும் ஒரு வார்த்த கிடையாது. நம்ம ஊர்லதான் நடுவுல எவனோ கொண்டுவந்து சேர்த்துட்டான். நான் படிச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்.”

காவி கட்ட வந்தவன் பாலியில் மூன்று வரி மனப்பாடம் செய்யவில்லை. புருவத்துக்கு மட்டும் சட்டமே படித்திருக்கிறான். முற்றத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“நீ சொல்றது சரிதான். புஸ்தகத்துல இல்ல” என்றார் பெரிய சாமி.

“அதான் சாமி!”

“அப்ப இலங்கைக்குப் போய்க் கட்டிக்கோ. இது பேத்சபுரி.”

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். தனோங்சக்கின் மொட்டைத் தலை சிவந்தது. பேரத்தில் இறங்கினான். “எடுக்க வேண்டாம் சாமி, கொஞ்சம் மெல்லிசாக் கத்தரிச்சு விடுங்க. பேருக்கு” என்றான். அதற்கும் சாமி தலையாட்டவில்லை. “நீ பதவிக்கு வந்தா சட்டத்த மாத்தலாம். இப்ப கண்ண மூடு” என்றார்.

ராம்பை கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் முன்னால் போய் உட்கார்ந்தாள். பிறந்ததிலிருந்து அவனிடம் எதையும் அவள் கெஞ்சியது இல்லை.

“அண்ணே, கும்பிட்டுக் கேக்கறேன். இன்னும் ஒரு வாரம்தான் இருக்கு. இத விட்டா இந்த வருஷம் இல்ல, அடுத்த வருஷம் அம்மா இருக்குமான்னு தெரியாது. விருந்தன்னிக்கு நானே பாங்காக் வந்து உனக்குப் புருவம் வரைஞ்சு விடறேன். யாருக்கும் தெரியாது. சத்தியமாத் தெரியாது.”

“உனக்கு என்ன தெரியும்? அறுநூறு பேர் வர்றாங்க! விருந்துக்கு இன்னும் மூணு மாசம் முழுசா இல்ல. அரைகுறையா முளைச்சு மூஞ்சி சொறி புடிச்ச மாதிரி இருக்கும்.” அவன் அம்மா பக்கம் திரும்பினான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிக்கொண்டு வந்தபோது திரும்பியது போலவே திரும்பினான். “அம்மா, நீயே சொல்லும்மா. உன் பேச்ச சாமி கேப்பாரு. உனக்கு என் புருவம்னா எவ்ளோ பிடிக்கும்!”

சம்லி அம்மா நாற்காலியில் இருந்து அவனைப் பார்த்தாள். மடியில் கத்தரிக்கோல் இருந்தது. வெகுநேரம் பார்த்தாள். மொட்டைத் தலைக்குக் கீழே மை தீட்டியதுபோல் இரண்டு கறுப்புப் புருவம், அதற்குக் கீழே அறுபதை நெருங்கும் ஒரு கெஞ்சும் முகம்.

“சாமி, கத்தியக் கீழ வெச்சுடுங்க” என்றாள்.

தனோங்சக் பெரிதாக மூச்சு விட்டான். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து, புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரிக்கவும் சிரித்தான்.

“இவனுக்குக் காவி வேண்டாம்” என்றாள் அம்மா.

“அம்மா!” என்றாள் ராம்பை.

“நீ சும்மா இரு. இவன் காவியப் புடிச்சுக்கிட்டு நான் மேல போறதா? வழியில எங்கயாவது கண்ணாடி கண்டா நின்னுடுவான். அப்புறம் நான் நடுவழியில நிக்கணும். நாப்பது வருஷம் நின்னாச்சு. கால் வலிக்குது, போதும்.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பெரிய சாமி கத்தியைத் துடைத்து உறையில் போட்டார். தனோங்சக் முக்காலியில் இருந்து எழவும் தெரியாமல் உட்காரவும் தெரியாமல் பாதியில் நின்றான்.

“அம்மா, அதுக்கில்லம்மா... புஸ்தகத்துல கடைசிப் பக்கம்... பட்டியல்ல அது ஒண்ணுதான் பாக்கி.”

“முடிஞ்சுதுன்னு போட்டுக்கோ. முடி வெட்டின படம்தான் இருக்கே. யார் வந்து கேக்கப் போறா?” அம்மா கத்தரிக்கோலை ராம்பையின் கையில் கொடுத்தாள். கோபம் இல்லை, சந்தையில் அழுகல் மாம்பழத்தைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரித்தான் பேசினாள். “சமைச்சது ஆறுது. வந்தவங்களுக்கு இலை போடச் சொல்லு. நாம வீட்டுக்குப் போலாம்.”

அண்ணன் மூக்கறுபட்டதில் ராம்பைக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், வருஷக்கணக்காக அவள் ஆசைப்பட்டதுதான் அது. ஆனால் சொர்க்கம் போகிற வழியையே அம்மா இப்படி ஒரு நிமிஷத்தில் வேண்டாம் என்று தூக்கிப் போட்டுவிட்டாளே என்றுதான் அழுகை வந்தது. அம்மாவின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். ஊர்வலத்தில் அண்ணன் தலைக்குமேல் பிடிப்பதற்காக வாடகைக்கு எடுத்துவந்த பெரிய குடை மண்டபத் தூணில் சாய்ந்திருந்தது. போகும்போது அதையும் எடுத்துக்கொண்டாள்.

கோயில் வாசலுக்கு வந்ததும் அம்மா மூச்சு வாங்க நின்றாள். திரும்பிப் பார்த்தாள். முற்றத்து நடுவில் தனோங்சக் இன்னும் நின்றுகொண்டிருந்தான். மர நிழல் நகர்ந்துவிட்டது. புகைப்படக்காரர் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

“ராம்பை, அவன் மொட்டத் தலையோட வெயில்ல நிக்கறான் பாரு. புதுசா மழிச்ச மண்டை, சுடும். அந்தக் குடையக் குடுத்துட்டு வா” என்றாள் அம்மா.

ஐம்பத்தாறு வருஷத்தில் அம்மா சொல்லி ராம்பை செய்யாத வேலை ஒன்று இல்லை. அவள் குடையை விரித்தாள். விரித்து, அம்மாவின் தலைக்கு மேலேயே பிடித்துக்கொண்டு, “நடம்மா” என்றாள்.